படத்தின்மேல் எழுத்து: வாசகர் கேள்விகளும் பதில்களும்

படத்தில் எழுத்து சேர்ப்பது, சேர்த்த எழுத்தைச் சீர்படுத்துவது பற்றி வந்த கேள்விகளில் பலரும் கேட்டிருந்தவற்றை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலானவர்கள் ஃபோட்டோஷாப்பில் வேலை செய்கிறீர்கள், சிலர் கிம்ப் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள். மெனுக்களின் பெயரும் இடமும் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும், அதனால் நான் சொல்கிற பெயர் அப்படியே இல்லையென்றால் பக்கத்தில் தேடிப் பாருங்கள், கிடைத்துவிடும்.

இணையத்திலிருந்து தமிழ் வாசகத்தை நகலெடுத்து ஃபோட்டோஷாப்பில் ஒட்டினால் கொம்பு தப்பான இடத்தில் போய் நிற்கிறது. 'கொடி' என்பதில் ககரம் முதலில் வந்து, கொம்பும் காலும் அதற்குப் பின்னால் வருகின்றன. எழுத்துருவில் கோளாறா?

எழுத்துருவில் எதுவும் இல்லை. யூனிகோடில் 'கெ' என்ற எழுத்து, முதலில் க, அடுத்துக் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைக்க வேண்டும், 'கொ' என்றால் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து வைக்க வேண்டும். இதை எழுத்துருவில் உள்ள விதிகளைப் படித்து மென்பொருளின் டெக்ஸ்ட் எஞ்சின்தான் செய்கிறது. ஃபோட்டோஷாப்பில் இதற்கென்று தனி எஞ்சின் இருக்கிறது, அது இயங்காத நிலையில் இருந்தால் சேமித்த வரிசையிலேயே எழுத்துகளை அடுக்கிவிடும். நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

எடிட் மெனுவில் ப்ரிஃபரன்ஸஸ், அதில் டைப் என்ற பகுதிக்குப் போங்கள். பல பதிப்புகளில் அங்கே 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' என்று ஒரு தேர்வு இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்து, மென்பொருளை மூடித் திறந்துகொள்ளுங்கள். பிறகு அந்த எழுத்து லேயரை, அதாவது எழுத்து இருக்கும் தனி அடுக்கை, தேர்ந்தெடுத்துக்கொண்டு, பாராகிராஃப் பேனலின் மூலையில் இருக்கும் சிறிய மெனுவைத் திறந்து 'வேர்ல்டு ரெடி' என்று தொடங்கும் தேர்வைக் கொடுங்கள். இந்த இரண்டாவது படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். முன்பே போட்டு வைத்த லேயர்கள் பழைய எஞ்சினிலேயே இருக்கும், ப்ரிஃபரன்ஸஸில் மாற்றியது மட்டும் அவற்றைத் தொடாது.

கிம்ப்பில் இந்தத் தொல்லை இல்லை. அது பாங்கோ, ஹார்ஃப்பஸ் என்ற இரண்டு திறமூல நூலகங்களை வைத்து எழுத்தைக் கோக்கிறது, தமிழ் நேராகவே வரும். கொம்பு இடம் மாறாமல் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் வந்தால் அது வேறு பிரச்சினை: தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழ் எழுத்துகளே இல்லை என்று அர்த்தம். நிர்மலா, லதா, நோட்டோ சான்ஸ் தமிழ், கேடமரன், முக்தா மலர் இப்படித் தமிழ் உள்ள ஒன்றுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

பழைய சுவரொட்டி ஒன்றின் பிஎஸ்டி கோப்பு (ஃபோட்டோஷாப்பின் சொந்தக் கோப்பு வகை) பாமினி எழுத்துருவில் இருக்கிறது. எழுத்துருவை மட்டும் நோட்டோவுக்கு மாற்றினேன், எல்லாம் ஆங்கிலக் குப்பையாகிவிட்டது. திரும்பத் தட்டச்சு செய்வதைத் தவிர வழி இல்லையா?

இருக்கிறது. பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. பாமினியில் நீங்கள் 'அம்மா' என்று படிப்பது, கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். எழுத்துருவை மாற்றியதும் அந்த ஐந்தும் தங்கள் சொந்த முகத்தைக் காட்டுகின்றன. அதனால் முதலில் அந்த வாசகத்தை நகலெடுத்து, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் மாற்றி ஒன்றில் ஒட்டுங்கள், இணையத்தில் இலவசமாகவே பல கிடைக்கின்றன, வந்ததை எடுத்து லேயரில் ஒட்டி, அதன் பிறகு எழுத்துருவை மாற்றுங்கள். மாற்றிய பின் ஒருமுறை முழுவதும் படித்துப் பார்த்துவிடுங்கள், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, மேற்கோள் குறிகள் ஆகிய இடங்களில் பிசகு வரக்கூடும்.

பாமினியிலேயே தொடரலாமே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். புதிய வேலைக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். பாமினியில் இருக்கும் வாசகத்தைத் தேட முடியாது, வேறு இடத்தில் ஒட்ட முடியாது, எழுத்துருவை மாற்றிப் பார்த்து எது பொருந்துகிறது என்று தேர்ந்தெடுக்கவும் முடியாது. எழுத்துச் சீரமைப்பில் பாதி வேலையே மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான்.

தலைப்பு இடத்துக்குள் அடங்காதபோது பக்கவாட்டில் நெருக்கிக் கொடுக்கிறேன், காலியிடம் இருந்தால் மேலே இழுக்கிறேன். பார்ப்பவர்கள் 'ஏதோ சரியில்லை' என்கிறார்கள், எது என்று சொல்லத் தெரியவில்லை.

இழுப்பதுதான் சரியில்லை. எழுத்துருவை வரைந்தவர் நிற்கும் கோடு இவ்வளவு தடிமன், படுக்கும் கோடு இவ்வளவு தடிமன் என்று கணக்குப் பார்த்து வரைந்திருப்பார். பக்கவாட்டில் நெருக்கினால் நிற்கும் கோடுகள் மட்டும் மெலியும், படுக்கைக் கோடுகள் அப்படியே நிற்கும். 'ட' என்ற எழுத்தை எடுத்துக்கொண்டு பாதி அகலத்துக்கு நெருக்கிப் பாருங்கள், செங்குத்துக் கோடு நூலாகி, அடிக்கோடு பட்டையாகத் தெரியும். ற, ண போன்ற வளைவுள்ள எழுத்துகளில் வட்டம் முட்டை ஆகிவிடும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, கண்ணுக்கு மட்டும் தெரிந்துவிடும்.

ஏற்கெனவே இழுத்துவிட்ட லேயர் என்றால், கேரக்டர் பேனலில் அகல, உயர அளவுகள் இரண்டும் 100 சதவீதத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள், இல்லையென்றால் 100 ஆக்குங்கள். கண்ட்ரோல் டி கொடுத்துப் பெரிதாக்கும்போது மூலையைப் பிடித்து, விகிதம் மாறாமல் பெரிதாக்குங்கள். ஃபோட்டோஷாப் 2019 பதிப்பிலிருந்து ஷிஃப்ட் அழுத்தாமலே விகிதம் காக்கப்படுகிறது, அதற்கு முந்தைய பதிப்புகளில் ஷிஃப்ட் அழுத்த வேண்டும். இந்த மாற்றம் தெரியாமல் பழைய பழக்கத்தில் ஷிஃப்ட்டை அழுத்தி விகிதத்தைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள்.

அப்போது இடத்துக்குள் எப்படி அடக்குவது? குறுகலாகவே வரையப்பட்ட எழுத்துருவைத் தேடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழுக்கு வேரியபிள் வடிவம் இருக்கிறது, அதில் தடிமனைப் போலவே அகலத்தையும் ஒரு நழுவியால் மாற்றலாம், கோடுகளின் தடிமன் பிசகாமல் எழுத்து குறுகும். அதுவும் போதவில்லையென்றால் தலைப்பை இரண்டு வரியாக உடையுங்கள், அல்லது ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள். எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டு ஒரு சொல்லைக் குறைப்பது, எழுத்தை நெருக்குவதைவிட எப்போதும் நல்லது.

இரண்டு மூன்று வரித் தமிழ் வாசகம் போட்டால் மேல்வரியின் வால் கீழ்வரியின் விசிறியில் முட்டுகிறது. ஒரு வரியை மட்டும் சரிசெய்தால் இன்னொரு வரி விலகிப் போகிறது. எப்படித்தான் சீராக்குவது?

முட்டுவதற்குக் காரணம், ஆட்டோ என்று இருக்கும் வரி இடைவெளி. ஃபோட்டோஷாப்பில் அது எழுத்தளவில் 120 சதவீதம். 40 பாயிண்ட் எழுத்துக்கு 48 பாயிண்ட் இடைவெளி. ஆங்கிலத்துக்கு அது பெரும்பாலும் போதும். தமிழில் மேலே இகர, ஈகார விசிறிகளும் புள்ளியும் ஏறுகின்றன, கீழே து, ளு, மூ, ழு இறங்குகின்றன. மேல்வரியில் 'மூழ்கு' என்றும் அதற்கு நேர்கீழே 'தீர்ந்தது' என்றும் வந்தால் 48 பாயிண்டில் இடிக்காமல் என்ன செய்யும்? 40 பாயிண்ட் எழுத்துக்கு 56-இலிருந்து 60 வரை வைத்துப் பாருங்கள், அதாவது 140 முதல் 150 சதவீதம். எழுத்துருவுக்கு எழுத்துரு இது மாறும், சிலவற்றில் எழுத்து உடம்பே சிறிதாக வரையப்பட்டிருக்கும், அங்கே 130 போதும். எண்ணை நம்பாமல் கண்ணை நம்புங்கள்.

ஒரு வரி விலகிப் போவதற்குக் காரணம் வேறு. ஃபோட்டோஷாப்பில் வரி இடைவெளி பத்திக்கு உரியது இல்லை, ஒவ்வொரு எழுத்துக்கும் உரியது. ஒரு வரியில் உள்ள எழுத்துகளில் எதற்கு அதிக இடைவெளி கொடுத்திருக்கிறதோ, அந்த அளவைத்தான் முழு வரியும் எடுத்துக்கொள்ளும். நீங்கள் சில எழுத்துகளை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றியிருப்பீர்கள், வரியின் கடைசியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளிக் குறி பழைய அளவிலேயே நின்றிருக்கும், வரி முரண்டு பிடிக்கும். எழுத்துக்குள் சொடுக்கி, கண்ட்ரோல் ஏ கொடுத்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரே எண்ணைக் கொடுங்கள். அப்படித் தேர்ந்தெடுத்த நிலையில் ஆல்ட் விசையோடு மேல், கீழ் அம்புக்குறிகளை அழுத்தினால் இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாக மாறும், பார்த்துக்கொண்டே நிறுத்தலாம்.

எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத் தலைப்புகளில் எழுத்துகளை நன்றாகத் தள்ளித் தள்ளி வைப்பது அழகாக இருக்கும், அதைப் பார்த்துத் தமிழிலும் செய்கிறார்கள். தமிழில் 'கொ' என்பது மூன்று துண்டாகத் தெரியும் ஓர் எழுத்து, இடைவெளியை அதிகமாக்கினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து, கால் தனி எழுத்து மாதிரி நிற்கும். கூட்ட வேண்டுமென்றால் மிகக் கொஞ்சமாகக் கூட்டுங்கள், குறைப்பதைத் தொடவே வேண்டாம்.

எழுத்தை வளைக்க வார்ப் கொடுத்தால் 'ஃபோ போல்டு (போலித் தடிமன்) இருப்பதால் முடியாது' என்கிறது. நான் போல்டு கொடுத்தது தப்பா?

கேரக்டர் பேனலின் அடியில் இருக்கும் தடித்த 'டி' பொத்தானை அழுத்தியிருப்பீர்கள். அது உண்மையான தடித்த எழுத்து இல்லை, மெல்லிய எழுத்தைச் சுற்றி மென்பொருளே பூசித் தடிமனாக்குவது. வார்ப் அதை ஏற்காது. பூசும்போது எழுத்தின் உள்ளே இருக்கும் சின்னச் சின்ன ஓட்டைகள் அடைந்துபோகும், ண, ணை, ஜ போன்றவற்றில் நன்றாகத் தெரியும். பொத்தானை எடுத்துவிட்டு, எழுத்துருப் பெயருக்குக் கீழே இருக்கும் பட்டியலில் போல்டு, செமிபோல்டு, பிளாக் என்று தனியாக வரைந்தவை இருக்கின்றனவா பாருங்கள். இல்லையென்றால் அவை இருக்கும் எழுத்துருவுக்கு மாறுங்கள். பக்கத்தில் உள்ள சாய்ந்த 'டி' பொத்தானுக்கும் இதே பதில்தான், தமிழில் சாய்வு வடிவம் தனியாக வரைந்து வரும் எழுத்துருக்கள் மிகக் குறைவு, அழுத்தம் கொடுக்க வேண்டுமென்றால் தடிமனையோ நிறத்தையோ மாற்றுங்கள்.

புகைப்படத்தின்மேல் வாசகம் எழுதினால் படிக்க முடியவில்லை. வெள்ளையும் போட்டுப் பார்த்தேன், மஞ்சளும் போட்டுப் பார்த்தேன், நிழல், ஓரக்கோடு, ஒளிவட்டம் எல்லாம் கொடுத்துப் பார்த்தேன்.

எழுத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறீர்கள், மாற்ற வேண்டியது அதன் பின்னால் இருப்பதை. ஒரு புகைப்படத்தில் வானம் வெளுப்பாகவும் மரம் கறுப்பாகவும் இருந்தால், இரண்டின்மேலும் ஓடுகிற வரிக்கு எந்த நிறம் கொடுத்தாலும் ஒரு பாதி மறையத்தான் செய்யும்.

முதலில் படத்தில் அமைதியான இடம் எது என்று தேடுங்கள். வானம், சுவர், மங்கலான பின்புலம், தண்ணீர் இப்படி. அங்கே எழுத்தை வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும், பெரும்பாலும் நிழலே தேவைப்படாது. அப்படி இடம் இல்லையென்றால் எழுத்துக்கும் படத்துக்கும் நடுவில் ஒரு புதிய லேயர் போட்டு, கறுப்பிலிருந்து ஒன்றுமில்லாமைக்குப் போகிற கிரேடியன்ட்டை எழுத்து இருக்கும் ஓரத்திலிருந்து இழுங்கள், பிறகு அந்த லேயரின் ஒபாசிட்டியை, அதாவது அடர்த்தியை, குறைத்துக்கொண்டே வாருங்கள், எழுத்து தெளிவாகவும் படம் கெடாமலும் இருக்கிற இடத்தில் நிறுத்துங்கள். சுத்தக் கறுப்புக்குப் பதில், படத்திலேயே இருக்கும் ஓர் அடர்ந்த நிறத்தை ஐட்ராப்பரால் எடுத்துக்கொண்டால் ஒட்டுப் போட்ட மாதிரித் தெரியாது. எழுத்துக்குப் பின்னால் அரை ஒளி ஊடுருவும் செவ்வகம் வைப்பதும் நல்ல வழிதான், நாலு பக்கமும் போதுமான இடம் விட்டு வையுங்கள், எழுத்தைக் கட்டம் நெருக்கினால் மூச்சு முட்டும்.

ஓரக்கோடு கொடுத்தே தீர வேண்டுமென்றால், லேயர் ஸ்டைலில் ஸ்ட்ரோக்கின் பொசிஷனை அவுட்சைட் என்று வையுங்கள். இன்சைட், சென்டர் இரண்டும் எழுத்தின் உடம்பைத் தின்றுவிடும். நிழல் என்றால் கூர்மையான கறுப்பு நிழல் வேண்டாம், தூரத்தைக் குறைத்து, ஓரத்தை மென்மையாக்கும் 'சைஸ்' அளவைக் கூட்டி, ஒபாசிட்டியை 40, 50 சதவீதத்தில் வைத்தால் நிழல் இருப்பதே தெரியாமல் எழுத்து முன்னால் வரும். கிம்ப் 3-இல் எழுத்துக் கருவியிலேயே ஓரக்கோட்டுக்கான தேர்வு வந்துவிட்டது, எழுத்தைத் திருத்தினாலும் கோடு கூடவே மாறும். பழைய கிம்ப் வைத்திருப்பவர்கள் இதற்காகவே மாறிக்கொள்ளலாம்.

போதுமான வேறுபாடு இருக்கிறதா என்று அளக்க ஓர் அளவுகோலும் உண்டு. இணையப் பக்கங்களை எல்லோரும் படிக்கும்படி அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி நெறிமுறையில், எழுத்துக்கும் பின்புலத்துக்கும் ஒளி வேறுபாடு சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 என்று வைத்திருக்கிறார்கள். இரண்டு நிறங்களைக் கொடுத்தால் கணக்கிட்டுச் சொல்லும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டாமென்றால், எல்லா லேயருக்கும் மேலே ஒரு பிளாக் அண்ட் ஒயிட் அட்ஜஸ்ட்மென்ட் லேயரைப் போட்டுப் பாருங்கள். நிறம் போன பிறகும் எழுத்து படிக்க முடிந்தால் சரி. சிவப்பு எழுத்தும் பச்சைப் பின்புலமும் நிறத்தில் பளிச்சென்று இருந்து, சாம்பலில் ஒன்றோடொன்று கரைந்துபோவதை அப்போது பார்ப்பீர்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் இந்த இரண்டும் கரைந்து தெரியக்கூடும், அவர்களும் படிக்க வேண்டும் இல்லையா.

யூடியூப் முகப்புப் படத்துக்கு எத்தனை சொல் போடலாம்?

மூன்று, நான்கு. தமிழ்ச் சொற்கள் நீளம், அதற்கு மேல் போனால் எழுத்தைச் சிறிதாக்க வேண்டிவரும். 1280-க்கு 720 பிக்சலில் செய்வீர்கள், ஆனால் பார்ப்பவர் கைபேசியில் கட்டைவிரல் அளவுக்குத்தான் பார்ப்பார், அதனால் படத்தைப் பத்து சதவீதத்துக்குச் சுருக்கிப் படிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள். வலது கீழ் மூலையில் எழுத்து வைக்காதீர்கள், காணொலியின் நேர அளவு அங்கேதான் வந்து உட்காரும்.

ஃபோட்டோஷாப்பில் கூர்மையாகத் தெரியும் எழுத்து, ஜேபெக் ஆக்கி அனுப்பியதும் மங்கிவிடுகிறது. ஓரமெல்லாம் அழுக்குப் படிந்த மாதிரி இருக்கிறது.

ஜேபெக் புகைப்படங்களுக்காக வந்தது. படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடும். மெதுவாக மாறுகிற வானத்திலும் தோலிலும் இழப்பு தெரியாது. எழுத்தின் ஓரம் அப்படியில்லை, சட்டென்று கறுப்பிலிருந்து வெள்ளைக்குத் தாண்டும். அந்தத் தாண்டலைச் சரியாகப் பிடிக்க முடியாமல் சுற்றிலும் புள்ளி புள்ளியாகச் சிதறல் விழுகிறது, நீங்கள் சொல்லும் அழுக்கு அதுதான். நிறத் தகவலை ஒளித் தகவலைவிடக் குறைவாகவே வைத்துக்கொள்வதும் ஜேபெக்கின் வழக்கம், அதனால் நீலத்தின்மேல் சிவப்பு எழுத்து இன்னும் மோசமாகும்.

எழுத்து மிகுந்த படத்தை பிஎன்ஜி ஆகச் சேமியுங்கள். அதில் இழப்பே இல்லை, சமமான நிறப் பரப்புகள் இருந்தால் கோப்பும் சிறிதாகவே இருக்கும். புகைப்படமும் எழுத்தும் கலந்திருந்து ஜேபெக்தான் வேண்டும் என்றால் தரத்தை மேல்நிலையில் வைத்து, ஒரே ஒரு முறை மட்டும் சேமியுங்கள். ஜேபெக்கைத் திறந்து திருத்தி மறுபடி ஜேபெக் ஆக்கினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போய்விடும். இன்னொரு விஷயம், செய்திச் செயலிகள் படத்தை அனுப்பும்போது தாங்களே மறுபடி சுருக்குகின்றன. நீங்கள் பிஎன்ஜி அனுப்பினாலும் அங்கே போய்ச் சேருவது சுருங்கியதுதான். படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும்.

அச்சில் மங்குகிறது என்றும் இருவர் கேட்டிருந்தீர்கள். அங்கே பிரச்சினை அளவு. ஒரு அங்குலத்துக்கு 72 பாயிண்ட். 12 பாயிண்ட் எழுத்து, அங்குலத்துக்கு 72 பிக்சல் உள்ள கோப்பில் வெறும் 12 பிக்சல் உயரம்தான், 300 உள்ள கோப்பில் 50 பிக்சல். 12 பிக்சலுக்குள் 'ணை'யின் சுழிகளை எப்படிக் காட்ட முடியும்? ஏ4 தாளில் அச்சிடப் போகிறீர்கள் என்றால் முதலிலேயே அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் 2480-க்கு 3508 பிக்சல் என்று கோப்பைத் தொடங்குங்கள். சின்னதாகச் செய்து முடித்து, எல்லாவற்றையும் ஒரே படமாக்கிய பிறகு பெரிதாக்கினால் மங்கியதுதான் பெரிதாகும்.

எழுத்துக்குள் புகைப்படம் தெரிகிற மாதிரி செய்ய ராஸ்டரைஸ் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுத்துவிட்டேன், இப்போது எழுத்துப்பிழையைத் திருத்த முடியவில்லை.

ராஸ்டரைஸ் கொடுத்ததும் எழுத்து போய்விடுகிறது, எழுத்து வடிவத்தில் இருக்கும் பிக்சல்கள்தான் மிச்சம். ஹிஸ்டரியில் பின்னால் போக முடிந்தால் போங்கள், இல்லையென்றால் புதிதாக எழுதத்தான் வேண்டும்.

நீங்கள் கேட்கிற காரியத்துக்கு ராஸ்டரைஸ் தேவையே இல்லை. எழுத்து லேயருக்கு மேலே புகைப்பட லேயரை வைத்து, புகைப்பட லேயரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு கண்ட்ரோல், ஆல்ட், ஜி மூன்றையும் அழுத்துங்கள். கிளிப்பிங் மாஸ்க் வந்து, படம் எழுத்துக்குள் மட்டும் தெரியும். எழுத்தைத் திருத்தலாம், எழுத்துருவை மாற்றலாம், படம் கூடவே வரும். ஃபில்டர் கொடுக்கும்போது ராஸ்டரைஸ் செய்யலாமா என்று மென்பொருள் கேட்டால், அதே பெட்டியில் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் (மூல லேயரை உள்ளே அப்படியே வைத்திருக்கும் உறை) ஆக்கும் வழியும் காட்டும், அதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு லேயரின் சின்னப் படத்தை இருமுறை சொடுக்கினால் எழுத்து திருத்தத் தயாராகத் திறக்கும். எழுத்தை எழுத்தாகவே கடைசிவரை வைத்திருக்க வழி இருக்கும்போது அதை இழக்க வேண்டாம் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், பிழைகள் எப்போதும் எல்லாம் முடிந்த பிறகுதான் கண்ணில் படும்.

கிம்ப் 2.10-இல் எழுத்து லேயரின்மேல் தூரிகையால் ஏதாவது வரைந்துவிட்டு மறுபடி எழுத்தைத் திருத்தப் போனால் ஒரு பெட்டி வந்து கேட்கும். 'எடிட்' கொடுத்தால் எழுத்து திரும்பக் கிடைக்கும், வரைந்தது போய்விடும். இரண்டும் வேண்டுமென்றால் 'கிரியேட் நியூ லேயர்' கொடுங்கள்.

நிறையப் பேருக்குச் சான்றிதழ் செய்ய வேண்டும். ஒவ்வொரு பெயராக ஒட்டி ஒட்டிச் சேமிக்கிறேன், கை வலிக்கிறது.

இந்த வேலையை மென்பொருளிடமே விட்டுவிடலாம், பலருக்கும் இது தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. சான்றிதழில் பெயர் வரும் இடத்தில் ஓர் எழுத்து லேயர் வையுங்கள், நடுவில் சீரமைத்து வையுங்கள், அப்போதுதான் நீளப் பெயரும் குட்டிப் பெயரும் நடுவிலேயே நிற்கும். இமேஜ் மெனுவில் வேரியபிள்ஸ், அதில் டிஃபைன். அந்த லேயரைத் தேர்ந்தெடுத்து 'டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட்' என்பதைக் குறியிட்டு ஒரு பெயர் கொடுங்கள். அதே பெயரைத் தலைப்பாக வைத்து, கீழே ஒவ்வொரு வரியிலும் ஒரு மாணவர் பெயராக ஓர் உரைக் கோப்பு தயார் செய்து, யூனிகோடில் சேமியுங்கள். வேரியபிள்ஸில் டேட்டா செட்ஸ் பகுதியில் அதை இம்போர்ட் செய்து, பிரிவியூவில் நான்கைந்து பெயர்களைத் தட்டிப் பாருங்கள். பிறகு ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட், 'டேட்டா செட்ஸ் ஆஸ் ஃபைல்ஸ்'. ஆளுக்கொரு பிஎஸ்டி வந்துவிடும், அவற்றை மொத்தமாக ஜேபெக் ஆக்க ஃபைல் மெனுவின் ஸ்கிரிப்ட்ஸில் இமேஜ் ப்ராசசர் இருக்கிறது.

பட்டியலில் மிக நீளமான பெயரை முதலில் வைத்து எழுத்தளவைத் தீர்மானியுங்கள். பெயர்களை ஒருமுறை பார்த்துத் திருத்திவிட்டு இம்போர்ட் செய்யுங்கள், தன் பெயர் தப்பாக வந்த சான்றிதழை எந்தப் பிள்ளையும் ஆசையாக மாட்டி வைக்காது.

தமிழுக்கு நடுவே எண்கள் வரும்போது பெரிதாகத் துருத்திக்கொண்டு தெரிகின்றன.

பல எழுத்துருக்களில் அப்படித்தான். எண்களை மட்டும் தேர்ந்தெடுத்து எழுத்தளவை ஐந்து முதல் பத்து சதவீதம் குறையுங்கள், 40 என்றால் 37 அல்லது 38. அப்புறம் அடிக்கோட்டில் சரியாக நிற்கவில்லையென்றால் ஷிஃப்ட், ஆல்ட் இரண்டோடு அம்புக்குறியை அழுத்தி ஏற்றி இறக்கலாம். சுவரொட்டியில் தேதியும் நேரமும் இருக்கும் வரிக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

கோப்பை அச்சகத்துக்குக் கொடுத்தேன். அங்கே திறந்தபோது எழுத்துரு மாறி, வரிகள் எல்லாம் ஓடிவிட்டன. இனிமேல் எப்படிக் கொடுப்பது?

அவர்கள் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லை. அப்படிப்பட்ட கோப்பைத் திறந்தால் எழுத்து லேயரில் ஒரு சின்ன எச்சரிக்கை முக்கோணம் வரும், தொடாமல் இருக்கும்வரை பழைய தோற்றமே நிற்கும், யாராவது அந்த லேயருக்குள் சொடுக்கித் திருத்தினால் வேறு எழுத்துரு உட்கார்ந்துவிடும். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

உங்கள் மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, வேறு பெயரில் ஒரு நகல் எடுங்கள். நகலில் ஒவ்வொரு எழுத்து லேயரையும் வலது சொடுக்கி 'கன்வெர்ட் டு ஷேப்' கொடுங்கள். எழுத்துகள் கோட்டு வடிவங்களாகிவிடும், எந்த எழுத்துருவும் தேவைப்படாது, எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை போகாது. போலியாகத் தடித்த எழுத்து இருந்தால் இங்கேயும் தகராறு செய்யும், முதலில் அதை எடுத்துவிடுங்கள். பிறகு அந்த நகலை லேயர்களைச் சேர்க்காமலே பிடிஎஃப் ஆகச் சேமித்து அனுப்புங்கள், கூடவே சரியான தோற்றத்தைக் காட்டும் ஒரு பிஎன்ஜியும் வையுங்கள். அச்சகத்தில் இருப்பவர் தமிழ் படிக்கத் தெரியாதவராக இருந்தாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிடுவார்.

எழுத்துருவையே அனுப்பலாமா என்றால், அதன் உரிமத்தைப் பாருங்கள். ஓப்பன் ஃபாண்ட் உரிமத்தில் வெளிவந்தவற்றைத் தாராளமாகக் கொடுக்கலாம், நோட்டோ அந்த வகைதான். விலைக்கு வாங்கிய எழுத்துரு என்றால் பெரும்பாலும் அனுமதி இருக்காது, ஷேப் ஆக்கிய நகலை மட்டும் அனுப்புங்கள்.